தவறிட்டான் என்ற சொல்

9

கண்ணையன் தாலுகா ஆபீஸ் முகாமிலிருந்து பெரம்பலூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அவன் மனைவி லீலாவதி வெளியூர் போகிறவளைப் போலக் குளித்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சுவர்ப் பலகையில் மடிப்புக் கலையாத வெள்ளைப் புடவை ஒன்று இருந்தது. யுத்தத்தால் துணிக்குப் பர்மிட் இருந்த காலம் அது. ஒரு முழம் மல் துணி வாங்குவதற்கே ராவுத்தர் கடையில் கெஞ்ச வேண்டும். முழுப் புடவை எப்படிக் கிடைத்தது என்றுதான் அவனுக்கு முதலில் தோன்றியது.

"ஏது இது? யாருக்கு?"

"நல்ல வேளை வந்துட்டீங்க. நீங்க வரலேன்னா நான் மட்டும் போறதுன்னு இருந்தேன். செந்துறையிலேர்ந்து முந்தாநாளே ஆள் வந்து சொல்லிட்டுப் போச்சு. இன்னைக்குச் சாயந்தரம்."

"என்ன சாயந்தரம்?"

"கருமாதிதான். தாய்வூட்டுக் கோடிப் புடவை நாமதானே போடணும்?"

அவளுடைய வார்த்தைகள் அவன் இடது பக்கமாக வந்தன. பட்டாளத்தில் இருந்தபோது, பர்மாவில் அரக்கான் பக்கத்தில் குண்டு வெடித்ததில் அந்தக் காது போய்விட்டது. தவறாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பி வலது காதைக் கொடுத்தான்.

"யாருக்குக் கருமாதி?"

லீலாவதியின் கை பின்னலிலேயே நின்றது.

"என்னங்க கேள்வி இது? உங்க மச்சானுக்குத்தான். நீங்கதானே வந்து சொன்னீங்க?"

"நான் என்ன சொன்னேன்?"

"செல்லதுரை தவறிட்டான்னு."

"ஆமா, தவறிட்டான்னு தந்தி வந்துச்சு. அதைச் சொன்னேன். செத்துட்டான்னு நான் எப்ப சொன்னேன்?"

லீலாவதி அவனைப் பார்த்தாள். அவன் விளையாடவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. பின்னலை முடிக்காமலே கையை எடுத்துவிட்டாள்.

முந்திய சனிக்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை நடந்ததை இங்கே ஒரு முறை வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது. கண்ணையனின் தங்கை கமலவேணியைச் செந்துறையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் கணவன் செல்லதுரை பட்டாளத்தில் சேர்ந்து மணிப்பூர்ப் பக்கம் போயிருந்தான். வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் இல்லாததால், தகவல் அனுப்ப வேண்டிய விலாசமாகக் கண்ணையன் பேரையே கொடுத்திருந்தான். காது போய்ப் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த கண்ணையன் பெரம்பலூர் தாலுகா ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தா. தந்தி அவனுக்குத்தான் வந்தது. அன்றே பஸ் ஏறிச் செந்துறைக்குப் போய் வாயால் சொன்னான். வந்த பஸ்ஸே திரும்பும் பஸ்ஸும் என்பதால், அழுகிறவர்களுக்கு நடுவே கொஞ்ச நேரம்தான் உட்கார முடிந்தது. மறுநாளே ஜமாபந்தி என்ற வருஷ நிலவரிக் கணக்கு முகாமுக்குப் போய்விட்டான். அமாவாசை வரப்போவதையும், செத்த தேதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில்தான் கருமாதி வைப்பார்கள் என்பதையும் அவன் யோசிக்கவேயில்லை. யோசிக்க அவனுக்குக் காரணமும் இல்லை.

அவர்கள் அழுதார்களே, அது எதற்கு என்று நினைத்தான்? காணாமல் போனவனுக்காக அழுகிறார்கள் என்று நினைத்தான்.

"அன்னிக்குத் திரும்பி வந்து நீங்க குளிக்கவே இல்ல," என்றாள் லீலாவதி. "நேரா உக்காந்து சாப்பிட்டீங்க. மோருகூடக் கேட்டு வாங்கிக் குடிச்சீங்க. பட்டாளத்துல இருந்தவங்களுக்குத் தீட்டெல்லாம் கிடையாது போலன்னு நான்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். பக்கத்து வூட்டுக் கிருஷ்ணம்மா கேட்டதுக்கு, வழியில ஏரியில குளிச்சிட்டுத்தான் வந்தாருன்னு பொய் சொன்னேன்."

கண்ணையன் தரையில் உட்கார்ந்தான்.

பட்டாளத்தில் அவன் இருந்த கம்பெனி முழுவதும் தமிழ்ப் பையன்கள். காலையில் ஆள் எண்ணும்போது யாராவது குறைந்தால், "ரெண்டு பேர் தவறிட்டாங்க சார்" என்பார்கள். தவறியவர்களில் சிலர் மறுநாள் சேறும் அட்டைக்கடியுமாக வந்து நிற்பார்கள். "தவறினவன் வந்துட்டான்டா" என்று சிரித்து டீ கொடுப்பார்கள். செத்தவனைப் பற்றிப் பேச அங்கே வேறு சொல். "அவுட்" என்பார்கள். மூன்று வருஷம் காலையும் மாலையும் அப்படியே பேசியாயிற்று. தந்தியில் அந்த இங்கிலீஷ் வார்த்தையைப் படித்ததும், அவன் வாய் பட்டாளத்துத் தமிழைத்தான் எடுத்தது.

அந்தச் சொல்லுக்கு ஊரில் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். அவன் அப்பா இறந்தபோது அவனே நாலு வீட்டில் போய், "அப்பா தவறிட்டார்" என்று சொல்லியிருக்கிறான். அன்றைக்கு மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

"பஸ் எத்தனை மணிக்கு?" என்றான்.

"போயி என்ன சொல்லப்போறீங்க?"

"சாகலைன்னு."

"சாகலையா?"

"தெரியாது."

"அப்ப தெரியாதுன்னா சொல்லப்போறீங்க?" லீலாவதி அவன் எதிரே, வலது பக்கமாக வந்து உட்கார்ந்தாள். "உள்ளபடி சொல்லுங்க. உங்க கூட இருந்து தவறினவங்க திரும்பி வந்தாங்களா?"

"வந்தாங்க. சில பேர்."

"எப்ப வந்தாங்க?"

"மறுநாள் வருவாங்க. ரெண்டு நாள் கழிச்சும் வந்திருக்காங்க."

"அவரு தவறி எவ்வளவு நாளாச்சு?"

தந்தியில் அவன் காணாமல் போனதாகப் போட்டிருந்த தேதி போன மாதத்து ஆரம்பம். கண்ணையன் சட்டைப் பொத்தானைக் கழற்றி, மறுபடியும் போட்டான்.

"அதான்," என்றாள் லீலாவதி. "அவளுக்கு வயசு இருபத்திரண்டு. இன்னைக்குக் கோடியப் போட்டா, ஒரு வாரத்துல நம்ம வூட்டுக்கு அழைச்சுக்கிட்டு வந்துடலாம். நான் பாத்துக்குவேன். நீங்க போயித் தெரியாதுன்னு சொன்னா, அவ ஆயுசு பூரா அந்த வூட்டு வாசலையே பாத்துக்கிட்டுக் கிடக்கணும். யோசிச்சுக்குங்க."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அவனுக்கு வலித்தது. கோபப்படவும் வழியில்லை.

புடவையை அவள் பையில் வைத்தாள். வேண்டாம் என்று அவனும் சொல்லவில்லை.

*

ஆபீசில் ஹெட் கிளார்க் முகாம் கணக்குக் கட்டுகளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒக்காருய்யா, இன்னைக்கே ஒப்பு நோக்கிடுவோம்," என்றார்.

"சார், எனக்கு இன்னைக்கு லீவு வேணும்."

"ஜமாபந்தி நேரத்துல லீவா? சாவு விழுந்தாத்தான் லீவுன்னு தாசில்தார் சொல்லியிருக்கார். யாரு செத்தது?"

"யாரும் சாகல சார்."

"பின்ன எதுக்கு லீவு?"

"ஒரு கருமாதிக்குப் போகணும்."

ஹெட் கிளார்க் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சாகாதவனுக்குக் கருமாதியா? என்னய்யா, முகாம்ல வெயில் பட்டு மண்டை கலங்கிடுச்சா?"

பக்கத்து மேஜையில் இருந்தவர் சிரித்தார். கண்ணையன் விளக்க ஆரம்பித்தான். தந்தி, பட்டாளம், ஊர்ப் பேச்சு என்று மூன்று வாக்கியம் சொன்னதும் ஹெட் கிளார்க் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார். அவர் கேட்கவில்லை. சுவரில் கடிகாரம் நகர்ந்துகொண்டிருந்தது. செந்துறைக்குப் போகப் பிடிக்க வேண்டிய அரியலூர் பஸ் புறப்படும் நேரம்.

"சார்," என்றான் கண்ணையன். "என் மச்சான் தவறிட்டார் சார்."

ஹெட் கிளார்க்கின் பேனா நின்றது. முகம் இளகியது.

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்னய்யா? தங்கச்சி புருஷனா? ஐயோ பாவம். போய்ட்டு வா. ரெண்டு நாள் எடுத்துக்க."

"சரி சார்."

வெளியே வந்து படிக்கட்டில் நின்றான். முதல் முறை அந்தச் சொல்லை அவன் தெரியாமல் சொன்னான். இந்த முறை ஊர் அர்த்தத்திலேயே, தெரிந்தே சொல்லி லீவு வாங்கியிருந்தான். செல்லதுரை எங்கேயாவது உயிரோடு இருந்தால், இந்த நிமிஷம் தன்னைச் சாகடித்தவன் யார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்பது ஒரு ஆறுதலாகத் தோன்றியது. அது ஆறுதலாகத் தோன்றியதே என்று அடுத்த நிமிஷம் கூசிப்போனான்.

*

பெட்ரோல் தட்டுப்பாட்டால் பஸ்கள் எல்லாம் கரியில் ஓடின. பின்பக்கம் கட்டியிருந்த அடுப்பில் கரியைக் கொட்டி, ஒருவன் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே இருந்தால்தான் வண்டி கிளம்பும். மேடு வந்தால் கண்டக்டர் பாதிப் பேரை இறக்கிவிடுவார்.

"வண்டிக்கு மூச்சு வாங்குது. ஆம்பளைங்க எல்லாம் இறங்குங்க."

"ஏன்யா, டிக்கெட் வாங்கினது நடக்கவா, ஏறவா?" என்றார் ஒரு பருத்தி வியாபாரி.

"கூட நடந்து வாங்க, வண்டிக்குத் தைரியமா இருக்கும்."

கண்ணையன் மற்றவர்களோடு நடந்தான். இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. எதையும் வரிசையாக யோசிப்பது அவன் வழக்கம். இதையும் அப்படி யோசித்துப் பார்த்தான்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? சாயந்தரம் ஏரிக்கரையில் கமலவேணியின் தாலியை வாங்குவார்கள். அவள் பெரம்பலூர் வருவாள். லீலாவதி அவளை நன்றாகத்தான் வைத்துக்கொள்வாள். யுத்தம் முடியும். பட்டாளத்திலிருந்து ஒரு நாள் உறுதியான தகவல் வரும். அது சாவுத் தகவலாக இருந்தால் அவன் சொன்னதே சரியாகிவிடும். யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை.

அப்படி நினைத்தபோதுதான், தான் எதை வேண்டிக்கொள்கிறோம் என்பது அவனுக்குப் புரிந்தது. தன் சொல் சரியாக வேண்டும் என்பதற்காகச் செல்லதுரை செத்திருக்க வேண்டும். நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டான். பஸ் மேட்டைத் தாண்டிக் காத்திருந்தது. கண்டக்டர் கையை அசைத்துக் கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை. லீலாவதி ஜன்னலில் தலையை நீட்டி, "இந்தப் பக்கமா கூப்பிடுங்க, அந்தக் காது கேக்காது," என்று சொல்ல வேண்டியிருந்தது.

அரியலூரில் செந்துறை பஸ்ஸுக்காக நிழலில் நின்றார்கள். லீலாவதி இரண்டு வாழைப்பழம் வாங்கி வந்தாள். அவன் சாப்பிடவில்லை.

"என்ன முடிவு பண்ணீங்க?" என்றாள்.

"சொல்லிடறேன்."

அவள் தன் பழத்தை உரித்துத் தின்றாள். பிறகு பழத்தோலை ஆட்டுக்குப் போட்டாள்.

"சொல்றதா இருந்தா வாசல்லயே சொல்லிடுங்க. உள்ள போயி அவ மொகத்தைப் பாத்தீங்கன்னா உங்களால முடியாது."

*

வாசலில் சொல்ல முடியவில்லை. செந்துறை வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பெரிய அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. இழவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று சொல்வதில்லை. செல்லதுரையின் தம்பி பழனிவேல் வந்து கையை மட்டும் பிடித்தான். அவன் தலை மழுமழுவென்று மொட்டை அடித்திருந்தது. வெயிலில் பளபளத்த அந்த மொட்டையைப் பார்த்ததும், கண்ணையன் தயார் செய்து வைத்திருந்த முதல் வாக்கியம் போய்விட்டது.

உள்முற்றத்தில் கமலவேணியை மணையில் உட்கார வைத்திருந்தார்கள். தாலி வாங்குவதற்கு முன் கடைசி முறையாக அலங்காரம் செய்வது வழக்கம். தலை நிறையப் பூ, கை நிறைய வளையல், நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். கல்யாணத்தன்றுகூட அவளுக்கு அவ்வளவு பூ வைத்திருக்கவில்லை. அவள் அண்ணனைப் பார்த்தாள். அழவில்லை.

"கோடி வந்துடுச்சா?" என்றார் பெரியசாமி. அவர் செல்லதுரையின் பெரியப்பா. காரியங்களை முன்னின்று நடத்துகிறவர். "பொழுது இறங்குது. ஏரிக்கரைக்குக் கிளம்பணும். கொண்டாப்பா அதை."

லீலாவதி பையைக் கொடுக்கவில்லை. கண்ணையனைப் பார்த்தாள்.

"மாமா," என்றான் கண்ணையன். "நிறுத்துங்க. செல்லதுரை தவறல."

"என்ன?"

"தவறினது நெசம். ஆனா தவறல."

கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே இருமலாக்கிக்கொண்டார்கள்.

"வெயில்ல வந்திருக்கான்," என்றார் பெரியசாமி. "யாராச்சும் மோர் குடுங்க."

"மோர் வேண்டாம் மாமா. நான் சொல்றதைக் கேளுங்க. தந்தியில காணலைன்னுதான் போட்டிருந்துச்சு. எங்க பட்டாளத்துல ஒருத்தன் காணலைன்னா, தவறிட்டான்னுதான் சொல்லுவோம். அந்த வாய்ப்பழக்கத்துல இங்கயும் வந்து சொல்லிட்டேன். நீங்க செத்துட்டான்னு எடுத்துக்கிட்டீங்க."

"தவறிட்டான்னா வேற என்னன்னு எடுத்துக்கறது?"

"எம்மேலதான் தப்பு மாமா."

"அது எந்த ஊருத் தமிழு?" என்றார் பெரியசாமி. "உங்க பட்டாளத்துல சோத்தைச் சாணின்னு சொல்லுவாங்களா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பழனிவேல் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். "மச்சான், காலையில நான் பிண்டம் வச்சேன். காக்கா வந்து எடுத்துச்சு. உடனே எடுத்துச்சு. அண்ணன்தான் வந்து எடுத்துக்கிட்டாருன்னு எல்லாரும் வுழுந்து கும்பிட்டோம்."

அவன் பெரியப்பாவைப் பார்த்தான். பெரியப்பா கூரையைப் பார்த்தார்.

"அப்ப அது யாரு பெரியப்பா?" என்றான் பழனிவேல்.



அதுவரை தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஜெகதாம்பாள் எழுந்து வந்தாள். செல்லதுரையின் தாய். பத்து நாளில் தொண்டை கட்டிப்போய்க் குரல் காற்றாகத்தான் வந்தது. கண்ணையனின் சட்டையை மார்பில் கொத்தாகப் பிடித்தாள்.

"எம்மவன் இருக்கானா?"

"தெரியல அத்தை."

"செத்துட்டானா?"

"தெரியல."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுடா. அன்னிக்கு வந்து ஒத்தை வார்த்தையில எங்குலையை அறுத்துட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போனியே. இன்னைக்கும் ஒத்தை வார்த்தையாச் சொல்லு. இருக்கானா, இல்லையா?"

"தெரியல அத்தை. யாருக்கும் தெரியாது."

"நீ லீவுல பூட்ஸு போட்டுக்கிட்டு வந்து இதே மித்தத்துலதான் நின்ன. பட்டாளத்துல கறி போடுவாங்க, ரொட்டி போடுவாங்கன்னு சிரிக்கச் சிரிக்கச் சொன்ன. அதைக் கேட்டுத்தான் அவன் போனான். இந்தக் காணாமப் போறதை எல்லாம் அப்ப ஏண்டா சொல்லல?"

கண்ணையன் சொல்லவில்லைதான். கேட்கிறவர்கள் சிரித்ததால் சிரிப்பான கதைகளையே சொன்னான். மற்றதைச் சொல்லப் புதுப் பூட்ஸோடு நிற்கிறவனுக்கு மனம் வரவில்லை.

"போதும் அத்தை," என்ற குரல் கேட்டது.

கமலவேணி மணையிலிருந்து எழுந்திருந்தாள். "எழுந்திருக்கக் கூடாதுடி," என்று ஒரு கிழவி கையைப் பிடித்தாள். கமலவேணி அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு, அண்ணனைச் சுற்றிக்கொண்டு அவன் வலது பக்கம் வந்து நின்றாள். பேசும்போது அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் பேசினாள். ஆனால் முற்றம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"நீ வந்து சொன்னே. அன்னிக்கு ராத்திரி பூரா அழுதேன். மறுநாள் தூங்கிட்டேண்ணே."

"கமலா..."

"கேளு. அவரு போனதுலேர்ந்து தபால்காரர் மணிச் சத்தம் கேட்டாலே கையில இருக்கிறதைப் போட்டுட்டு வாசலுக்கு ஓடுவேன். சோறு இறங்காது. இனிமே மணிச் சத்தத்தைக் கேக்க வேண்டாம்னு தோணுச்சு. தூங்கிட்டேன். விடிஞ்சதுகூடத் தெரியாமத் தூங்கினேன். அத்தை வந்துதான் எழுப்பினாங்க. புருஷன் செத்தவ இப்படித் தூங்குவாளான்னு எனக்கே வெக்கமா இருந்துச்சு. செத்தவருக்காக வெக்கப்பட்டேன். இப்ப உசிரோட இருக்கலாங்கறே. இருக்கிற மனுஷனை மண்ணுல போட்டுட்டுத் தூங்கியிருக்கேன் நான்."

"அது உன் தப்பு இல்ல. நான் சொன்ன வார்த்தை..."

"நீ வார்த்தைதான் சொன்னே. தூங்கினது நானு."

கண்ணையன் தலை குனிந்தான். பெரம்பலூரிலிருந்து வரும் வழியெல்லாம், இந்தக் குற்றம் முழுவதும் தன்னுடையது என்றுதான் சுமந்துவந்தான். அதில் ஒரு பங்கைத் தங்கை தன் தலையில் ஏற்றிக்கொண்டு நிற்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. அதை அவளிடமிருந்து திருப்பி வாங்கவும் அவனுக்கு வழி தெரியவில்லை.

பெரியசாமி தொண்டையைச் செருமினார். "இப்ப ஏரிக்கரைக்குப் போறதா, வேண்டாமா? அம்பட்டையர், வண்ணார் எல்லாரும் அங்க காத்துக்கிட்டு இருக்காங்க. சோறும் வடிச்சாச்சு."

"வேண்டாம் பெரியமாமா," என்றாள் கமலவேணி.

"தொடங்கின காரியத்தைப் பாதியில விடக் கூடாதும்மா."

"ஆளு போயிட்டாரான்னு தெரிஞ்சப்புறம் மீதியைச் செய்யலாம்." அவள் தலையிலிருந்த பூவைக் கையால் தொட்டாள். "அண்ணி, இதைக் கொஞ்சம் எடுத்து வுடுங்க. பாரமா இருக்கு."

லீலாவதி பையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு சரமாக எடுத்துத் தன் கையில் போட்டுக்கொண்டாள். காலையில் தான் சொன்னதெல்லாம் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கமலவேணியின் முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சோத்தை என்ன பண்றது?" என்று அண்டாப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"பசிச்சவங்க சாப்பிடுங்க," என்றார் பெரியசாமி எரிச்சலாக. "கருமாதிச் சோறா, கல்யாணச் சோறான்னு எங்கிட்டக் கேக்காதீங்க."

கமலவேணி அண்ணனிடம் திரும்பினாள்.

"தந்தியில இங்கிலீசுல என்ன போட்டிருந்துச்சு?"

"மிஸ்ஸிங்."

அவள் அந்த வார்த்தையை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

"அதுக்கு ஒழுங்கா அர்த்தம் சொல்லு. அவசரப்படாதே. யோசிச்சுச் சொல்லு."

கண்ணையன் யோசித்தான். இருக்கிற தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். தொலைந்துபோனான் என்றால் அவன்மேல் குற்றம் வருகிறது. வழி தப்பினான் என்றால் திரும்பி வருகிற வழியிலே இருப்பதுபோல ஆகிறது. இரண்டும் பொய். ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது.

"காணோம்," என்றான்.

"காணோம்," என்றாள் கமலவேணி. "போன சித்திரையில நம்ம கெடேரிக் கன்னு காணாமப் போச்சு. பழனி மூணு ஊரு தேடிட்டு வந்தான். காணோம்னா தேடணும்ல?"

"தேடுவாங்க. பட்டாளத்துல..."

"நீ இருந்தப்ப யாரையாவது தேடினீங்களா?"

அரக்கானில் காலையில் பெயர் கூப்பிடுவார்கள். பதில் வராத பெயரை இன்னொரு முறை கூப்பிடுவார்கள். பிறகு கோவேறு கழுதைகள்மேல் சுமை ஏற்றிக் கட்டுவார்கள். வரிசை நகரும். ஒரு காலையில் வரிசை நகர்ந்த பிறகு, பின்னாலிருந்த மூங்கில் காட்டிலிருந்து யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. அது மூங்கில் உரசிய சத்தமாகவும் இருக்கலாம். அப்போது அவனுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் போனவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்ல," என்றான்.

"ஒருத்தரையுமா?"

"ஒருத்தரையும் தேடல."

ஜெகதாம்பாளின் பிடி இன்னும் அவன் சட்டையில்தான் இருந்தது. அது ஒரு முறை இறுகியது.

"பின்ன இவரை யாருண்ணே தேடுறது?" என்றாள் கமலவேணி.

முற்றத்தில் நின்றவர்கள் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். மொட்டைத் தலையோடு பழனிவேல். வளையல் நிறைந்த கையோடு தங்கை. கை நிறையப் பூவோடு லீலாவதி. ஆபீசில் அவன் கணக்குக் கட்டுகள் இன்னும் ஒப்பு நோக்கப்படாமல் இருந்தன. அங்கே லீவுக் கணக்கில் செல்லதுரை செத்தே போயிருந்தான். மணிப்பூர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதுகூட இந்த முற்றத்தில் அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

"நான் தேடறேன்," என்றான் கண்ணையன்.

லீலாவதி தலையைத் தூக்கினாள்.

ஜெகதாம்பாள் அவன் சட்டையை விட்டாள். கசங்கிய இடத்தை ஒரு முறை தடவிக்கூடக் கொடுத்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குச் சந்தைக்குப் போகிறவனைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"எப்பக் கிளம்புற?"